குனிந்து போட்ட கோடு

(தவக்காலம் ஐந்தாம் வாரம். வானொலியில் ஒலிபரப்பான மறையுரை, பங்கு மக்கள் கேட்டுக்கொண்டதற்கு இணங்க இங்கே அச்சாகிறது.)



தவக்காலத்தின் ஐந்தாம் வாரத்தில் இருக்கிறோம். இந்த வாரத்தில் திருச்சபை நமக்கு வாசிக்கத் தரும் பகுதிகளில் ஒன்று யோவான் நற்செய்தி 8ஆம் அதிகாரத்தின் தொடக்கம். உங்களுக்குத் தெரிந்த நிகழ்ச்சிதான். விடியற்காலையில் இயேசு கோவிலுக்கு வருகிறார். ஒரு பெண்ணை இழுத்துக்கொண்டு வந்து நடுவில் நிறுத்துகிறார்கள். அவர்கள் கையில் சட்டம் இருக்கிறது, கல்லும் இருக்கிறது. உடனே பதில் சொல் என்று நெருக்குகிறார்கள். முதல் கல்லைப் பற்றி ஆண்டவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தின் மேல் நூற்றுக்கணக்கான மறையுரைகள் நிகழ்ந்திருக்கின்றன. நானும் பலமுறை பேசியிருக்கிறேன்.

இன்று அந்த வாக்கியத்தை விட்டுவிடுகிறேன். அதற்கு முன்னும் பின்னும் அவர் செய்த ஒரு காரியத்தைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன். அவர் குனிந்தார். விரலால் தரையில் எழுதினார். நிமிர்ந்து பேசினார். மறுபடியும் குனிந்து எழுதினார். நான்கு நற்செய்திகளையும் புரட்டிப் பாருங்கள். இயேசு எழுதியதாகச் சொல்லப்படும் இடம் இது ஒன்றுதான். என்ன எழுதினார் என்று யோவான் சொல்லவில்லை. குற்றம் சாட்டியவர்களின் பாவங்களைத்தான் எழுதினார் என்று புனித எரோணிமுஸ் கருதினார். வேறு பலர் வேறு விதமாக ஊகித்தார்கள். மூல மொழியான கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு எழுதுதல் என்றும் கோடு இழுத்தல் என்றும் பொருள் கொள்ள இடமிருக்கிறது. நம் தமிழிலும் சித்திரம் எழுதுவது என்று சொல்லும் வழக்கம் உண்டல்லவா?

என்ன எழுதினார் என்பது எனக்கு இப்போது அவ்வளவு பெரிய கேள்வியாகப் படவில்லை. கத்திக்கொண்டிருக்கும் கூட்டத்தின் நடுவில் ஒருவர் குனிந்து மண்ணில் விரலை ஓட்டுகிறார். கூட்டம் காத்திருக்க வேண்டியதாயிற்று. கல்லை இறுகப் பிடித்த கை எவ்வளவு நேரம்தான் அப்படியே இருக்கும்? இதை எனக்குப் புரிய வைத்தது எந்த விளக்கவுரையும் அல்ல. எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு தாயின் நாற்பது பக்க நோட்டு. தம் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றார். கதையைச் சொல்லலாம் என்று அனுமதி தந்திருக்கிறார்.

அந்த அம்மா பிறந்து வளர்ந்தது செங்கம் பக்கத்துக் கிராமம். கணவருக்கு வேலை கிடைத்த பிறகு வேங்கிக்காலுக்கு வந்தவர்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கே இருப்பதால் இப்படிப் பல ஊர்களிலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்கள் நம் பங்கில் அதிகம். முதலில் வாசலும் திண்ணையும் உள்ள வாடகை வீடு. அங்கே தினமும் விடியுமுன் எழுந்து, வாசலைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, கோலம் போட்டு, அதன் பிறகுதான் காலைச் செபம். பிறகு மாடி வீட்டுக்கு மாறினார்கள். இரண்டாம் மாடி. கதவைத் திறந்தால் நடைபாதை, எதிரே இன்னொரு வீட்டுக் கதவு. தண்ணீர் தெளித்தால் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். கடையில் விற்கும் ஸ்டிக்கர் கோலம் ஒன்றை மகன் வாங்கி வந்து ஒட்டினான். மூன்று வருடம் அது அப்படியே இருந்தது. அதைப் பற்றி அந்த அம்மா என்னிடம் சொன்னது: "அது கோலம் இல்ல சாமி, கோலத்தோட போட்டோ."

கணவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். பிறகு ஒருநாள் மூச்சுத் திணறி, வெளியூர் மருத்துவமனை ஒன்றில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். நோயில் பூசுதல் கொடுக்க என்னை அழைத்தார்கள். நான் போய்ச் சேரும்போது இரவு ஒன்பது மணிக்கு மேல். உள்ளே போய் அருளடையாளம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். காத்திருக்கும் கூடத்தில் நாற்காலியின் ஓரத்தில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் நோட்டு, கையில் பேனா. ஏதோ கணக்கு எழுதுகிறார், மருந்துச் செலவாக இருக்கும் என்று நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் கோலம். பக்கம் பக்கமாகக் கோலம்.

"தோத்திரம் சாமி" என்று எழுந்தார்.

நான் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "செபமாலை கொண்டு வரலையாம்மா?" என்று கேட்டேன். கேள்வி போலத்தான் கேட்டேன். ஆனால் அது கேள்வி இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கணவர் உயிருக்குப் போராடும்போது உட்கார்ந்து கோலம் போடுகிறாயே என்பதுதான் அதன் பொருள். அந்த அம்மா நோட்டை மூடி, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். "இருக்கு சாமி, முந்தானையில முடிஞ்சு வெச்சிருக்கேன்" என்று முடிச்சைக் காட்டினார்.

பெங்களூரிலிருந்து மகன் வந்து சேரும் வரை அன்றிரவு நான் அங்கேயே தங்கினேன். கூடத்தில் முப்பது பேராவது இருப்போம். எல்லார் கையிலும் கைபேசி. நானும் அதை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று கணக்கில்லை. யாரிடமிருந்தும் எந்தச் செய்தியும் வரவில்லை, வரப்போவதும் இல்லை. ஆனாலும் கை போய்க்கொண்டே இருந்தது. செபம் சொல்ல முயன்றேன். அருள்நிறைந்த மரியே பாதியில் நின்றுபோய், பங்குப் பேரவையில் யாரோ என்னைப் பேசிய பேச்சு ஞாபகத்துக்கு வந்தது. அந்த நேரத்தில் அதுவா வர வேண்டும்? ஆனால் வந்தது.

இரண்டு மணிக்குத் திரும்பிப் பார்த்தேன். நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து அந்த அம்மா நோட்டைத் திறந்திருந்தார். முதலில் புள்ளிகள் வைத்தார். ஏழு, ஐந்து, மூன்று என்று உதடு அசைந்தது. பிறகு பேனா நகர ஆரம்பித்தது. ஒரு புள்ளியைச் சுற்றி, அடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நுழைந்து, வளைந்து, போன வழியையே குறுக்கே வெட்டி, கடைசியில் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்தது. கோடு சேர்ந்ததும் ஒரு பெருமூச்சு. அதன்பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்துச் செபமாலையை எடுத்தார். ஒரு பத்து மணி சொன்னார். மறுபடி நோட்டு. இப்படி விடியும் வரை.

விடிந்ததும் நானே கிட்டே போய் உட்கார்ந்தேன். "அம்மா, நேத்து நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "கை சும்மா இருந்தா மனசு கண்டபடி ஓடுது சாமி. டாக்டர் என்ன சொல்லுவாரோ, பணத்துக்கு என்ன செய்யறதோன்னு. கோலம் போட்டா அது வந்து ஒரு இடத்துல உக்காருது. உக்காந்த மனசுதானே செபம் சொல்லும்?"

நேயர்களே, பதின்மூன்று ஆண்டு குருமடத்தில் படித்தவன் நான். தியானம் என்று தனியாக ஒரு பாடமே இருந்தது.

இங்கே சிக்குக் கோலத்தைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆண்களில் பலருக்கு, தினமும் மிதித்துக்கொண்டு போகிறோமே தவிர, அது எப்படி ஆகிறது என்று தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. புள்ளிகளைக் கோட்டால் இணைத்துப் பூவும் பறவையும் போடுவது ஒரு வகை. சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைத் தொடவே கூடாது. சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். எந்தப் புள்ளியும் விடுபடக் கூடாது. கோடு எங்கும் அந்தரத்தில் நிற்கக் கூடாது, மூடிக்கொள்ள வேண்டும். கம்பிக் கோலம், நெளிக் கோலம் என்றும் இதைச் சொல்வார்கள். போடுகிறவர் முழுப் படத்தையும் மனத்தில் வைத்திருக்கத் தேவையில்லை. இந்த இடத்தில் எந்தப் பக்கம் வளைவது, அவ்வளவுதான் அந்த நொடியில் கேள்வி. அது முடிந்தால் அடுத்த வளைவு. ஒரே வளைவு திரும்பத் திரும்ப வருவதால் கை பழகிவிடுகிறது. ஆனால் முழுதும் கையிடம் விட்டுவிடவும் முடியாது, கவனம் போனால் கோடு தப்பிவிடும். ஆகவே மனத்துக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது, கவலைப்படும் அளவுக்கு ஓய்வு இல்லை.

இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர் கிப்ட் சிரோமணி. அவரும், கணினி அறிவியல் கோட்பாட்டில் பெயர் பெற்ற அவருடைய துணைவியார் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974இல் கோலங்களின் இலக்கணத்தைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மொழிக்கு இலக்கணம் இருப்பது போலக் கோலத்துக்கும் உண்டு. ஒரு சிறு துண்டையும் அதைப் பெருக்கும் சில விதிகளையும் வைத்து எவ்வளவு பெரிய கோலத்தையும் ஆக்கலாம் என்று காட்டினார்கள். நம் பாட்டிமார் வாசலில் குனிந்து செய்துகொண்டிருந்தது கணினி அறிவியலுக்குப் பாடமாயிற்று. 2002இல் மார்சியா ஆஷர் என்ற அமெரிக்கக் கணித அறிஞரும் இதைப் பற்றி எழுதினார்.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன், பிள்ளைகள் வீட்டில் போட்டுப் பார்க்கட்டும். இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளி வைத்து, அடுத்தடுத்த புள்ளிகளின் நடுவே எல்லாம் கோடு குறுக்கே வெட்டிப் போகும்படி இழுத்தால், ஒரே கோடு எல்லாப் புள்ளிகளையும் சுற்றி வந்து சேரும். மூன்றுக்கு மூன்று வைத்துப் பாருங்கள், ஒரே கோடாக வராது. மூன்று தனித்தனிக் கோடுகள் ஆகும். மூன்றுக்கு நான்கு வைத்தால் மறுபடி ஒரே கோடு. இரண்டு எண்களுக்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணி எவ்வளவோ அத்தனை கோடு. ஆறாம் வகுப்பில் நாம் உருப்போட்டதுதான்.

அமெரிக்காவில் ரிக் ராபர்ட்ஸ், மரியா தாமஸ் என்று ஒரு தம்பதியர். அவர் இளமையில் பல ஆண்டுகள் துறவியாக வாழ்ந்தவர். அந்த அம்மையார் அழகாக எழுத்து எழுதும் கலைஞர். ஒருநாள் அம்மையார் ஓர் எழுத்தின் பின்னணியை ஒரே மாதிரிச் சிறு வடிவங்களால் நிரப்பிக்கொண்டிருந்தபோது நேரம் போனதே தெரியவில்லை என்றார். நீ சொல்வது தியானம் அல்லவா என்றாராம் கணவர். அதிலிருந்து பிறந்தது சென்டாங்கிள் என்ற முறை. மூன்றரை அங்குலச் சதுரத் தாள். மூலைகளில் பென்சிலால் நான்கு புள்ளி. அவற்றை இணைத்து ஓரக்கோடு. நடுவில் ஒரு நெளிகோடு. அது பிரித்த பகுதிகளை மைப்பேனாவால் ஒவ்வொரு வடிவமாக நிரப்ப வேண்டும். அழிப்பான் கிடையாது. இன்று உலகெங்கும் இதைப் பணம் கட்டிக் கற்றுக்கொள்கிறார்கள். கற்றுக்கொள்ளட்டும், நல்லதுதான். ஆனால் அந்த நான்கு புள்ளியைக் கேட்டதும் எனக்குச் செங்கம் பக்கத்து வாசல்தான் நினைவுக்கு வந்தது.

வெறும் தாளைக் கொடுத்து எதையாவது வரை என்றால் மனம் அடங்குவதில்லை என்பதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2005இல் அமெரிக்காவின் நாக்ஸ் கல்லூரியில் 84 மாணவர்களிடம் முதலில் ஒரு பயத்தை நினைத்துப் பார்க்கச் சொன்னார்கள். பிறகு சிலருக்கு வட்டக் கோலம் போன்ற மண்டலம், சிலருக்குக் கட்டம் போட்ட வடிவம், சிலருக்கு வெற்றுத் தாள் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னார்கள். வடிவம் கிடைத்தவர்களின் பதற்றம் இறங்கியது. வெற்றுத் தாள்காரர்களுக்கு அப்படி இறங்கவில்லை. சிறு சோதனைதான், அதை வைத்துப் பெரிதாக எதையும் நிறுவ நான் வரவில்லை. ஆனால் புள்ளி வைக்காமல் யாரும் சிக்குக் கோலம் தொடங்குவதில்லை என்பது எந்தக் கிராமத்துப் பெண்ணுக்கும் தெரியும்.

இன்னொன்றும் உண்டு, சொல்லத் தயக்கமாக இருக்கிறது. 2009இல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் 40 பேரிடம் சலிப்பூட்டும் ஒரு தொலைபேசிப் பேச்சைக் கேட்கச் சொன்னார்கள். பாதிப் பேர் சும்மா கேட்டார்கள். பாதிப் பேர் கேட்டுக்கொண்டே தாளில் சிறு வடிவங்களை நிரப்பினார்கள். நிரப்பியவர்களுக்கு 29 சதவீதம் அதிகம் நினைவிருந்தது. ஆகவே நான் மறையுரை ஆற்றும்போது பாட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் கிறுக்கிக்கொண்டிருக்கும் இளைஞர்களை இனிமேல் முறைக்க மாட்டேன். பாட்டுப் புத்தகம் பங்குச் சொத்து என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கோலம் நம்முடையதா, கோவிலுக்குப் போகிறவர்களுடையது அல்லவா என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. மலையடிவாரத்தில் வாழ்கிறோம். மார்கழி மாதம் தெருவெல்லாம் கோலம், பௌர்ணமி என்றால் ஊரெல்லாம் கிரிவலக் கூட்டம். ஆனால் கிறிஸ்து பிறப்பு இரவில் நம் வீட்டுப் பெண்கள் வாசலில் நட்சத்திரக் கோலம் போடவில்லையா? மாதா சப்பரம் வரும் தெருவைப் பெருக்கிக் கோலமிட்டு வைப்பதில்லையா? கோலம் இந்த மண்ணின் பெண்களுடையது. நம் பெண்களும் இந்த மண்ணின் பெண்கள்தானே. அதற்கு மேல் இதில் விவாதிக்க எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

பின்னல் கோடு நம் திருச்சபைக்குப் புதிதும் அல்ல. சுமார் 800ஆம் ஆண்டில் அயர்லாந்து மரபைச் சேர்ந்த துறவிகள் நான்கு நற்செய்திகளையும் கன்றுத் தோலில் எழுதினார்கள். கெல்ஸ் நூல் என்பார்கள். டப்ளின் நகரின் டிரினிட்டி கல்லூரியில் இன்றும் இருக்கிறது, 340 ஏடுகள். அதன் சில பக்கங்களைப் படத்தில் பாருங்கள். எழுத்தே தெரியாத அளவுக்குப் பின்னல், முடிச்சு, சுழல். ஒரு கோட்டைப் பிடித்துக் கண்ணாலேயே போனால் உள்ளே நுழைந்து வெளியே வந்து எங்கெங்கோ சுற்றுகிறது. நம் அம்மாக்கள் பார்த்தால், இதைப் போட்டது எந்த ஊர்ப் பெண் என்று கேட்பார்கள்.

அவர்களுக்கும் முந்தி எகிப்துப் பாலைவனத்தில் பவுல் என்றொரு துறவி இருந்தார். யோவான் காசியன் தம் நூலில் அவரைப் பற்றிச் சொல்கிறார். பேரீச்சை ஓலையைச் சேகரித்துத் தினமும் வேலை செய்வார். சந்தை வெகு தூரத்தில். கொண்டுபோய் விற்றால் கிடைப்பதைவிடச் சுமை கூலி அதிகம். ஆண்டு முழுவதும் உழைத்ததெல்லாம் குகையை நிறைத்துவிடும். ஆண்டு முடிவில் எல்லாவற்றையும் தீயிட்டுக் கொளுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். விற்பதற்கு அல்ல, உள்ளத்தைக் காப்பதற்கு அவருக்கு அந்த வேலை. படித்தபோது விசித்திரமாகத் தோன்றியது. இப்போது நினைத்தால், அரிசி மாவில் போட்ட கோலத்தை எறும்பும் குருவியும் தின்று, பால்காரர் சைக்கிள் ஏறி, மதியத்துக்குள் அது இல்லாமல் போய்விடுகிறதே. மறுநாள் விடியலில் அதே பெண் அதே இடத்தில் குனிகிறாளே, அவளை யாரும் விசித்திரம் என்று சொல்வதில்லை.

அந்த மருத்துவமனைக்கு வருகிறேன். பதினொன்றாம் நாள் அவர் கணவர் இறைவனடி சேர்ந்தார். அடக்கத் திருப்பலி நம் கோவிலில்தான் நடந்தது. துக்க வீட்டில் கோலம் போடுவதில்லை. அது நம் எல்லாருக்கும் பொதுவான வழக்கம், நான் குறை சொல்ல மாட்டேன். துக்கத்துக்கும் ஒரு வாசல் வேண்டும். முப்பதாம் நாள் பூசை முடிந்து பத்து நாள் இருக்கும், அந்த அம்மா பங்கு இல்லத்துக்கு வந்தார். கையில் துணிப்பை. பையில் நோட்டு.

உறவுக்காரப் பெண் ஒருவர் அந்த நோட்டைப் பார்த்துவிட்டாராம். புருஷன் போனவள் கோலம் போடலாமா, அந்தக் கை பட்டால் வீட்டுக்கு ஆகுமா, மகனுக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா என்று கேட்டாராம். பத்து பேர் நடுவில் கேட்டிருக்கிறார். அதில் நம் பங்கு மக்களும் இருந்திருக்கிறார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து அந்த அம்மா பேனாவைத் தொடவில்லை. தூக்கம் போய்விட்டது. செபமாலையும் நின்றுவிட்டது. "வாசல்ல போடணும்னு கேக்கல சாமி. நோட்டுல போட்டா பாவமா?" என்றுதான் கேட்டார்.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது. அந்த உறவுக்காரரின் பெயரைக் கேட்டுக் கூப்பிட்டு அனுப்பலாமா, ஞாயிறு பூசையில் பீடத்தில் நின்றே பேசிவிடலாமா என்று யோசித்தேன். நல்ல சொற்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. என் கையிலும் கல் இருந்தது, நேயர்களே. வீசியிருந்தால் யார் மேல் விழுந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. ஊர் பேசும், பேச்சுக்குக் காரணம் இவர்தான் என்று அந்த அம்மாவையே மறுபடி நடுவில் நிறுத்தும்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. "நோட்டைக் கொடுங்கம்மா" என்று வாங்கி, எழுதாத பக்கம் ஒன்றைத் திருப்பி, என் பேனாவை எடுத்து ஐந்து புள்ளி வைத்தேன். நடுவில் ஒன்று, மேலும் கீழும் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. மருத்துவமனையில் அவர் எனக்குச் சொல்லித் தந்த முதல் கோலம். தொடங்கினேன், மூன்றாவது வளைவிலேயே தவறிவிட்டது. இன்னொரு முறை. அதுவும் தவறியது. அந்த அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "அப்படி இல்ல சாமி" என்று என் கையிலிருந்து பேனாவை வாங்கினார். வாங்கியதும் ஒரு கணம் நிறுத்தினார். பிறகு போட்டார்.

அதன் பிறகுதான் சொன்னேன். கணவனை இழந்தவளின் கை தீட்டு என்று திருச்சபை எங்கும் சொல்லவில்லை. நயீன் ஊர் விதவையின் பாடையைத் தொட்டு நிறுத்தினார் ஆண்டவர். ஏழைக் கைம்பெண் போட்ட இரண்டு காசைத்தான் மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக எண்ணினார். அந்தக் கை கோலம் போட்டால் வீட்டுக்கு ஆகாது என்று சொல்வது நம் விசுவாசம் அல்ல. இதை அன்று ஒருவரிடம் சொன்னேன். இன்று வானொலியில் எல்லாரிடமும் சொல்கிறேன். அந்தப் பத்து பேரில் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. மருத்துவமனைக் கூடத்தில் முதல் சொல் சொன்னவன் நான்தானே.

வாசலில் கோலம் போடும் துணிச்சல் அந்த அம்மாவுக்கு இன்னும் வரவில்லை. அந்த ஸ்டிக்கரை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டார். நோட்டு நான்காவது ஓடிக்கொண்டிருக்கிறது.

நேயர்களில் சிலர் தூக்கமில்லாமல் இருப்பீர்கள். தேர்வுக்குப் பயப்படும் பிள்ளைகள், வெளிநாட்டில் இருக்கும் மகனின் போனுக்குக் காத்திருக்கும் பெற்றோர், குடியை விட்டுவிட்டுக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிக்கும் சகோதரர்கள். மாதக்கணக்கில் தூக்கம் இல்லை, உயிர் வெறுத்துப்போகிறது என்றால் தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். கோலம் மருந்து அல்ல. ஆனால் இன்றிரவு கைபேசியை எடுக்கும் முன் ஒரு தாளை எடுத்துப் பார்க்கலாம். அந்த ஐந்து புள்ளியையே சொல்கிறேன், பேனா வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

நடுவில் ஒரு புள்ளி. அதிலிருந்து கட்டைவிரல் அகலம் தள்ளி மேலே, கீழே, வலப்பக்கம், இடப்பக்கம் ஒவ்வொன்று. பார்த்தால் சிலுவை போல இருக்கும். மேல் புள்ளிக்கும் நடுப்புள்ளிக்கும் இடையில் பேனாவை வையுங்கள். வலப்பக்கமாகச் சாய்ந்து இறங்கி, நடுப்புள்ளிக்கும் வலப்புள்ளிக்கும் இடையே புகுந்து, வலப்புள்ளியின் அடியில் போய், அதைச் சுற்றி மேலே வாருங்கள். வந்த கோட்டை அதே இடைவெளியில் குறுக்கே வெட்டிக் கீழ்ப்புள்ளியை நோக்கி இறங்குங்கள். அதையும் அப்படியே, பிறகு இடப்புள்ளி, பிறகு மேல் புள்ளி. நான்கு இதழ். தொடங்கிய இடத்துக்கு வந்து சேர்ந்துவிடுவீர்கள். நடுப்புள்ளியை நீங்கள் தனியாகச் சுற்றவே இல்லை, ஆனால் அது நான்கு பக்கமும் கோட்டுக்குள் இருக்கும். மெதுவாகப் போடுங்கள். ஒரு இதழுக்கு ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லிப் பாருங்கள், வேகம் தானாகக் குறையும்.

தவறினால்? நானும் கேட்டேன். பேனாக் கோட்டை அழிக்க முடியாதே. அந்த அம்மா சொன்னார்: "விட்டுப்போன புள்ளியைத் தேடிப் பாருங்க சாமி. பக்கத்துல இன்னொரு புள்ளி வெச்சா கோடு அதைச் சுத்திக்கிட்டுத் திரும்பிடும்." அப்படிச் செய்து பார்த்தேன். கோலம் கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. ஆனால் மூடிக்கொண்டது.

வேங்கிக்கால் பங்கு மக்களுக்கு ஓர் அறிவிப்பு. சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் பிறகு பங்கு அரங்கில் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். ஒரு மணி நேரம். பாதி நேரம் நோட்டு, பாதி நேரம் செபமாலை. கற்றுக்கொடுப்பது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு ஆண்களும் வருகிறார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற ஓட்டுநர், இன்னொருவர் நான். கோடு போடாத நோட்டு ஒன்றும் பேனா ஒன்றும் கொண்டு வாருங்கள். ரப்பர் வேண்டாம்.